படத்துக்குக் கீழே யார் பெயர்? ஆல்பம் அட்டையின் வரலாறும் ஏஐயின் கண்ணும்

இன்று ஒரு பாட்டை உலகத்துக்குக் கொடுக்க மூன்று பொருள் போதும்: ஒரு குரல், ஒரு செல்போன், ஒரு சதுரப் படம். படம் இல்லாமல் பாட்டை ஏற்ற முடியாது. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்களுக்குப் பாட்டை அனுப்பும் எந்த நிறுவனமும் முதலில் கேட்பது 3000க்கு 3000 பிக்சல் அளவில் ஒரு அட்டைப்படத்தைத்தான்.

உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை, சூளகிரி வட்டாரத்தில் பறையடிக்கிற, ராப் எழுதுகிற நம் இளைஞர்கள் பலர் பகலில் ஓசூர் பக்கத்து ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஷிப்டு முடிந்து வந்து இரவில் பாட்டு எழுதுகிறார்கள். போட்டோ எடுப்பவருக்கும் டிசைன் செய்பவருக்கும் கொடுக்க அவர்களிடம் காசு இல்லை. அதனால் ஏஐ செயலியில் நாலு வரி தட்டுகிறார்கள். அரை நிமிடத்தில் அட்டை வந்துவிடுகிறது. பணம் உள்ளவனுக்கு மட்டுமே கிடைத்துவந்த ஒன்று கூலிக்காரப் பிள்ளையின் கைக்கு வந்திருக்கிறது என்பதை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கருவி யார் கைக்கு வருகிறது என்பது நமக்கு எப்போதும் அரசியல் கேள்விதான்.

ஆனால் வந்த படத்தை உற்றுப் பார்க்க வேண்டும். "பறையடிக்கும் தமிழ் இளைஞர்கள்" என்று எழுதிக் கொடுத்தால் நாங்கள் பார்த்தவரை பெரும்பாலும் இரண்டு பக்கமும் தோல் கட்டிய, வடநாட்டுக் கல்யாணத்தில் அடிக்கிற டோல் வருகிறது. பறைக்கு ஒரு பக்கம்தான் தோல். தோளில் மாட்டி, ஒரு கையில் அடிக்குச்சியும் மறு கையில் சிண்டுக்குச்சியும் பிடித்து அடிப்பார்கள். தமிழில் பறை, தப்பு. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசப்படும் தெலுங்கில் டப்பு, கன்னடத்தில் தமட்டெ. மூன்று மொழியில் பெயர் உள்ள கருவியை இயந்திரத்துக்குத் தெரியவில்லை. "தலித்" என்ற சொல்லைச் சேர்த்தால் வேறொன்று நடக்கிறது. முகம் கறுக்கிறது, உடை கிழிகிறது, பின்னால் ஒரு குடிசை முளைக்கிறது.

இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிக் கடந்துவிடுகிறவர்கள் உண்டு. நாம் இதை வரலாறு என்று சொல்கிறோம். நம் முகத்தை யார் படம் எடுத்தார்கள், அந்தப் படத்துக்குக் கீழே என்ன எழுதினார்கள் என்ற 150 ஆண்டு வரலாறு அந்த அரை நிமிடத்துக்குள் இருக்கிறது.

கல்லில் பெயர், புத்தகத்தில் சாதி

நம் மாவட்டம் நடுகற்களின் நாடு. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் பார்க்கலாம். ஆநிரை மீட்டும், ஊரைக் காத்தும் செத்தவனின் உருவத்தைக் கல்லில் செதுக்கி, எழுத்துள்ள கற்களில் அவன் யார், எந்தச் சண்டையில் விழுந்தான் என்பதையும் வெட்டினார்கள். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் அருகே எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு சொல்கிறது. 1,400 ஆண்டு கழித்தும் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. உருவத்தோடு பெயரையும் சேர்த்து வைத்ததால் தெரிகிறது.

இனி 19ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். கேமரா வந்ததும் பிரிட்டிஷ் அரசு இந்திய மக்களைப் படம் பிடித்து அடுக்கத் தொடங்கியது. ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் தொகுத்த 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்தது. சென்னையில், அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் உதவியோடு 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்ற ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டார். அவர் மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார், படம் எடுத்தார். அந்தப் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் ஆளின் பெயர் கிடையாது. குலத்தின் பெயர்தான் இருக்கும். கேமராவுக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அவளை அவள் பிள்ளைகள் ஏதோ சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். புத்தகத்தில் அவள் ஒரு 'மாதிரி' மட்டுமே.

சமூகவியல் வகுப்பில் இதைக் 'காலனிய இனவரைவியல்' என்று படிப்போம், மார்க் வாங்குவோம், மறந்துவிடுவோம். மறக்கக் கூடாதது இது: படத்துக்குக் கீழே எழுதும் சொல்தான் படத்தின் பொருளைத் தீர்மானிக்கிறது. அந்தச் சொல்லை எழுதும் பேனா நம் கையில் இருக்கவில்லை.

அதே காலத்தில் நம் முன்னோர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தர்ஸ்டனின் தொகுதிகள் வருவதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் ஒரு இதழ் தொடங்கி அதற்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். இழிவாக எறியப்பட்ட சொல்லை எடுத்து இதழின் நெற்றியில் அச்சிட்டார். 1907 ஜூன் 19இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அவருடைய பௌத்த இயக்கம் நமக்கு எல்லை தாண்டியுள்ள கோலார் தங்கவயலில் வேர் பிடித்தது. சுரங்கத்தில் உழைத்த நம் மக்கள் மாரிக்குப்பத்தில் சங்கம் வைத்தார்கள், அச்சகம் நடத்தினார்கள், அயோத்திதாசர் மறைந்த பிறகு 'தமிழன்' இதழை அங்கிருந்து கொண்டுவந்தார்கள். பம்பாய் மாகாணத்தில் அண்ணல் 1920 ஜனவரி 31இல் 'மூக்நாயக்' தொடங்கினார். இவையெல்லாம் நாமே போட்டுக்கொண்ட அட்டைகள். அதில் எந்தப் பெயர் இருக்க வேண்டும் என்று நாமே முடிவு செய்தோம்.

இசைத்தட்டில் இருந்து கேசட்டுக்கு

பாட்டுக்கும் படத்துக்கும் உறவு வந்தது அதற்குப் பிறகு. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் பதிவுசெய்த ஆரம்பகால இந்தியக் குரல்களில் ஒன்று கௌஹர் ஜானுடையது. பாட்டின் முடிவில் அவர் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் சொல்வார். பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய் அங்கேதான் தட்டாக அச்சாகி வந்தன. எந்தத் தட்டு யாருடையது என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரிய வேண்டுமே. அட்டையே இல்லாத காலத்தில் பாடகி தன் பெயரைக் குரலுக்குள்ளேயே வைத்துவிட்டார்.

அப்போது இசைத்தட்டுகள் பெரும்பாலும் பழுப்புக் காகித உறையில்தான் விற்றன. அட்டையில் ஓவியம் போட்டு விற்கும் வழக்கத்தை 1930களின் கடைசியில் அமெரிக்காவின் கொலம்பியா ரெக்கார்ட்ஸில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளம் டிசைனர் தொடங்கிவைத்தார். விற்பனை ஏறியது. அன்று முதல் அட்டை என்பது பாட்டின் முகம்.

இந்தியாவில் அந்த முகம் நெடுங்காலம் நமக்குக் கிடைக்கவில்லை. இசைத்தட்டுத் தொழில் ஏறக்குறைய ஒரே கம்பெனியின் கையில் இருந்தது. சினிமாப் பாட்டு, கர்நாடக இசை, பக்திப் பாட்டு ஆகியவைதான் அட்டை ஏறின. வயலில் நடவுப் பாட்டு பாடியவளும், சாவு வீட்டில் ஒப்பாரி வைத்தவளும், இரவெல்லாம் பறையடித்தவனும் அங்கே இல்லை. அந்த மெட்டுகள் மட்டும் சினிமாவுக்குப் போயின. கீழே வேறு பெயர்கள் ஏறின.

1980களில் கேசட் வந்தது. பதிவுசெய்வது மலிவு, நகல் எடுப்பது அதைவிட மலிவு. கம்பெனியின் பிடி தளர்ந்தது. இதை பீட்டர் மேனுவல் 1993இல் வெளியான 'கேசட் கல்ச்சர்' என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டில் அந்த வாசல் வழியாக நுழைந்த நம் குரல்களில் முக்கியமானது பேராசிரியர் கே.ஏ. குணசேகரனுடையது. மாரந்தையில் பிறந்து, நாட்டுப்புற இசையை ஆராய்ந்து, 'தன்னானே' கலைக்குழு கட்டி, ஊர் ஊராகப் பாடி, கேசட்டிலும் பாடினார். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' அவர் குரலில்தான் சேரிகளுக்குப் போனது. அவருடைய தன்வரலாறு 'வடு'வைப் படிக்காத மாணவர்கள் முதலில் அதைப் படியுங்கள்.

எங்கள் எல்லைப் பகுதியில் தமிழ்ப் பாட்டு மட்டும் கேட்கவில்லை. கர்நாடகத்தில் 1970களில் எழுந்த தலித் சங்கர்ஷ சமிதியின் ஊர்வலங்களில் கவிஞர் சித்தலிங்கய்யாவின் பாட்டுகள் ஒலித்தன. ஆந்திரப் பக்கத்தில் கத்தார். தலித் குடும்பத்தில் பிறந்து ஜன நாட்டிய மண்டலியில் பாடிய கத்தாருடைய உருவத்தை நினைத்துப் பாருங்கள்: தோளில் கம்பளி, கையில் கோல், காலில் சலங்கை. எந்த டிசைனரும் போட்டுக்கொடுத்ததல்ல அது. ஆடு மேய்ப்பவரும் கூலிக்காரரும் தங்களை அடையாளம் காணும்படி அவரே எடுத்துக்கொண்ட கோலம். அது போஸ்டரானது, கேசட் அட்டையானது, 2023 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது நாடு முழுக்க அந்த உருவத்தோடுதான் அவரை நினைத்தார்கள்.

கோட்டு போட்ட பாட்டு, காணாமல் போன முகம்

2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முறை மேடை ஏறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. பெயர் அயோத்திதாசரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லின் வாரிசு. கானாப் பாடகர்களும் ராப் பாடகர்களும் பறையும் கிடாரும் ஒரே மேடையில். அவர்கள் போட்டிருந்தது கோட்டு. சட்டை போட்டதற்கு அடி வாங்கிய சமூகத்தின் பிள்ளைகள் அண்ணலின் கோட்டோடு நின்றார்கள். போட்டோவில் எப்படி நிற்க வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள் என்பதுதான் அங்கே சேதி.

அந்த மேடையில் இருந்து வந்தவர் அறிவு. 2021 மார்ச் 7இல் 'என்ஜாய் எஞ்சாமி' வெளியானது. வரிகள் அறிவுடையவை, தீயும் அறிவும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு, மாஜ்ஜா வெளியீடு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையில் இருந்து அந்தப் பாட்டு வந்ததாக அறிவு சொல்லியிருக்கிறார். நிலத்தில் உழைத்தவர்களுக்கு நிலம் இல்லாத கதை. பஞ்சமி நிலம் பேசுகிற நமக்கு அது புதிய கதை இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். ஷான் பாடிய 'நீயே ஒளி' பாட்டின் வரிகளும் அறிவுடையவை. ஆக இரண்டு பாட்டுக்கும் எழுதியவர் ஒருவரே. அட்டையில் அவர் மட்டும் இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார், நம் தோழர்கள் பலரும் கேட்டார்கள். பிறகு அறிவை வைத்து ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அரங்கேறியபோதும் மேடையில் அறிவு இல்லை. தன் உழைப்பைப் பற்றி அவர் எழுதினார். தீயும் சந்தோஷ் நாராயணனும் தங்கள் விளக்கத்தைச் சொன்னார்கள், அறிவின் பங்கைத் தாங்கள் மறைக்கவில்லை என்றார்கள். யார் சொன்னது முழு உண்மை என்று தீர்ப்புச் சொல்வது இங்கே நம் வேலை அல்ல. ஒன்றைக் கவனிப்போம். யாரும் கெட்ட எண்ணம் கொள்ளாமலே ஒரு முகம் அட்டையில் இருந்து விடுபட முடியும். விடுபடுவது மட்டும் ஏன் எப்போதும் ஒரே பக்கத்தில் நடக்கிறது?

2024இல் அறிவு தன் ஆல்பத்துக்கு வைத்த பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. பாட்டியின் பெயர் அட்டைக்கு வந்துவிட்டது.

இயந்திரம் படித்த பள்ளிக்கூடம்

இப்போது ஏஐக்கு வருவோம். படம் வரையும் இயந்திரம் கற்பனை செய்வதில்லை. கோடிக்கணக்கான படங்களையும் ஒவ்வொரு படத்தோடும் இருந்த எழுத்தையும் சேர்த்துப் படித்து, எந்தச் சொல்லுக்கு எந்த உருவம் என்று கற்றுக்கொள்கிறது. 2022இல் வெளியான லயான்-5பி என்ற தொகுப்பில் 585 கோடி படங்கள், அவற்றோடு ஒட்டியிருந்த சிறு விளக்கங்கள். எல்லாம் இணையத்தில் இருந்து அள்ளியவை. அந்த ஆகஸ்டில் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் கற்றது அந்த லயான் தொகுப்பின் பகுதிகளில் இருந்துதான்.

ஆக, இயந்திரத்தின் ஆசான் படத்துக்குக் கீழே இருக்கும் எழுத்து. தர்ஸ்டன் எழுதிய அதே இடம்.

இணையத்தில் 'தலித்' என்ற சொல் எந்தப் படத்துக்குக் கீழே வருகிறது என்று யோசியுங்கள். மலக்குழிச் சாவு, எரிந்த குடிசை, பிரேதப் பரிசோதனைக்கு வெளியே அழும் தாய், போராட்டம், தடியடி. செய்தித்தாள் நம்மை நினைப்பதே அப்போதுதான். நம் பெண் டாக்டரானால் படத்துக்குக் கீழே 'டாக்டர்' என்றுதான் இருக்கும்; நம் பையன் கல்யாணப் போட்டோவில் 'மாப்பிள்ளை' என்றுதான் இருக்கும். வலி மட்டும் சாதியின் பெயரில் பதிவாகிறது; மகிழ்ச்சி பெயரில்லாமல் போகிறது. இதைப் படித்த இயந்திரம் வேறு எதைக் கற்றிருக்கும்?

இது எங்கள் ஊகம் மட்டும் இல்லை. 2023 அக்டோபரில் ரெஸ்ட் ஆஃப் வேர்ல்ட் இதழ் மிட்ஜர்னி செயலியில் 3,000 படங்கள் உருவாக்கிப் பார்த்தது. 'இந்தியர் ஒருவர்' என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லாமே தாடி வைத்த வயசாளி. 2024இல் ஆய்வாளர் சௌரோஜித் கோஷ் ஸ்டேபிள் டிஃப்யூஷனைச் சாதி வாரியாகச் சோதித்தார். பொதுவாக 'இந்தியர்' என்றால் மேல்சாதிச் சாயல், ஒடுக்கப்பட்ட சாதிகள் என்றால் வறுமையின் அடையாளங்கள் என்று அவருடைய ஆய்வு காட்டியது. 2025 அக்டோபரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ ஓப்பன்ஏஐயின் சோராவைச் சோதித்தது. 'பிராமண வேலை' என்றால் வெளுத்த நிறத்தில் வேதம் ஓதும் குருக்கள். 'தலித் வேலை' என்றால் கறுத்த ஆண், அழுக்குச் சட்டை, கையில் துடைப்பம், மலக்குழி. 'தலித் நடத்தை' என்று கேட்டதற்கு வந்த படங்களில் சில, நாக்கைத் தொங்கவிட்ட டால்மேஷன் நாய்.

எடுத்தனூரில் நாய்க்குக் கூட ஒரு பெயர் கொடுத்தார்கள். இங்கே மனிதனைக் கேட்டால் நாயைக் காட்டுகிறது.

ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் முகத்தை வெளுத்தது ஏஐ மட்டும் அல்ல. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பிளக்ஸ் போர்டு அடிக்கப் போனால், ஏப்ரல் 14 பேனர் ஆனாலும் மஞ்சள் நீராட்டு பேனர் ஆனாலும், "கொஞ்சம் பளிச்சுன்னு போடுங்கண்ணா" என்று சொல்வது நாம்தான். டிசைனர் தம்பி ஒரு இழுப்பில் கறுப்பை மாநிறமாக்குவார். கறுப்பை வெறுக்க நமக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஏஐயோடு சண்டை போடும் முன் அந்தப் பழக்கத்தோடும் போட வேண்டும். பேனர் கடைகள் வந்தபோது சுவரில் அண்ணலை வரைந்துகொண்டிருந்த நம் ஊர்ப் பெயிண்டர்கள் வேலை இழந்தார்கள். இன்று ஏஐயால் அந்தப் பேனர் கடைப் பிள்ளைகளின் வேலைக்கு ஆபத்து. அவர்களில் பலர் நம் தெருப் பிள்ளைகள்.

இல்லாத முகங்கள்

கடினமான கேள்வி ஒன்று மீதி இருக்கிறது. படமே இல்லாதவர்களை என்ன செய்வது?

மலையாள சினிமாவின் முதல் நாயகி பி.கே. ரோசி. ஜே.சி. டேனியலின் 'விகதகுமாரன்' என்ற ஊமைப் படத்தில் நாயர் பெண்ணாக நடித்ததற்காகத் துரத்தப்பட்ட தலித் பெண். அந்தப் படச்சுருள் இன்று இல்லை. அவருடையது என்று சொல்லப்படும் புகைப்படம் பற்றியும் சந்தேகம் உண்டு. 2023 பிப்ரவரி 10இல் கூகுள் டூடுல் அவருக்கு ஓவியம் போட்டு மரியாதை செய்தது. அதே போல 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேருக்கும் முகம் வரைந்து ஒரு ஆல்பம் அட்டை போடலாமா?

ஓவியர் ஒருவர் வரைந்தால் பார்ப்பவருக்கு அது ஓவியம் என்று தெரியும். ஏஐ கொடுப்பது போட்டோ மாதிரி இருக்கும். நாலு பேர் பகிர்ந்தபின் அதுதான் நிஜ முகம் என்று நிலைத்துவிடும். அந்த முகம் எங்கிருந்து வந்தது? நாம் மேலே பார்த்த அதே பள்ளிக்கூடத்தில் இருந்து. செத்தவர்களுக்கு இரண்டாம் முறை அநியாயம் செய்வதாக முடியும். முகம் தெரியாதவர்களுக்குப் பெயரை எழுதுவோம். வெண்மணி நினைவிடத்தில் 44 பேரின் பெயர்கள் இருக்கின்றன. எழுத்துகள் மட்டுமே உள்ள அட்டை எந்தப் படத்துக்கும் குறைந்ததல்ல.

உயிரோடு இல்லாதவர்களைத் தொழில்நுட்பத்தால் பயன்படுத்த ஒரு முறையும் உண்டு. 2024இல் 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐ மூலம் ஏ.ஆர். ரஹ்மான் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி உரிய தொகையும் கொடுத்ததாகச் சொன்னார். சரியா தவறா என்று இன்னும் விவாதிக்கலாம். கேட்டு, கொடுத்து, செய்ய முடியும் என்பது மட்டும் அதில் தெளிவு. 585 கோடி படங்களை அள்ளியபோது யாரையும் கேட்கவில்லை என்பதையும் இதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது?

சுருக்கமாக. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, 1994இல் திருத்தப்பட்டபோது கணினியால் உருவாகும் படைப்புக்கு அதை உருவாக்கக் காரணமான நபரே ஆசிரியர் என்றது. ஏஐ படத்துக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது தெளிவாகத் தீர்க்கப்படவில்லை. அமெரிக்காவில் 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மனித ஆசிரியர் இல்லாத படத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்றது. ஆக, ஏஐ போட்ட உங்கள் அட்டையை இன்னொருவன் எடுத்துப் போட்டுக்கொண்டால் தடுப்பது கடினமாகலாம்.

அதைவிட நமக்கு உதவக்கூடியது பிரிவு 38பி. 2012 திருத்தத்தில் வந்தது. நிகழ்த்துக் கலைஞருக்குத் தன் நிகழ்த்தலில் தன்னை அடையாளம் காட்டச் சொல்லும் உரிமை உண்டு என்கிறது. விதிவிலக்கும் உண்டு, பயன்படுத்தும் விதத்தின் காரணமாகப் பெயர் விடுபட்டால் கேட்க முடியாது. இருந்தாலும் பறை அடித்த தாத்தாவும் நிகழ்த்துக் கலைஞர்தான். பாட்டை வெளியிடும் முன் அவர் பெயரை எழுதச் சொல்லிக் கேட்பது சலுகை கேட்பதல்ல.

நாம் செய்யக்கூடியது

ஏஐயைத் தொடாதீர்கள் என்று நாம் சொல்லப்போவதில்லை. அச்சு இயந்திரமும் கேசட்டும் கூட நமக்காகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல, நாம் எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொள்ளும் முறைதான் முக்கியம். எங்களோடு வேலை செய்யும் இளைஞர்களிடம் நாங்கள் சொல்வது இவ்வளவுதான்.

முகம் வேண்டுமானால் நிஜ முகம். உங்கள் கையில் உள்ள செல்போனே போதும். ஏஐயைப் பின்னணிக்கும், நிறத்துக்கும், எழுத்து வடிவத்துக்கும் வையுங்கள். இல்லாத மனிதரை நம் மனிதர் என்று காட்ட அதைப் பயன்படுத்தாதீர்கள்.

சாதியின் பெயரைச் சொல்லிப் படம் கேட்காதீர்கள். பொருளைச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை குச்சி, எந்தப் பக்கம் தோல், எந்த மண், எந்த மரம். வந்த படத்தைப் பறையடிக்கிற ஒருவரிடம் காட்டுங்கள். அவர் சிரித்தால் அழித்துவிடுங்கள்.

ஏஐ பயன்படுத்தியிருந்தால் அதை எழுதுங்கள். பாடியவர், எழுதியவர், பறையடித்தவர், படம் எடுத்தவர் எல்லோர் பெயரும் ஊரும் வெளியீட்டுக் குறிப்பில் இருக்கட்டும். கொஞ்சம் காசு சேர்ந்தால் முதல் செலவு உள்ளூர் ஓவியருக்கோ பேனர் கடைத் தம்பிக்கோ போகட்டும்.

இவற்றைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. மதுரைக்காரரான புகைப்படக் கலைஞர் எம். பழனிகுமாரின் படங்களைப் பாரி இணைய இதழில் பாருங்கள். துப்புரவுத் தொழிலாளர்களையும் அவர்கள் குடும்பங்களையும் பல ஆண்டுகளாக எடுத்துவருகிறார். அவை வலியின் படங்கள்தான். ஆனால் கீழே ஆளின் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, அவர் சொன்னது இருக்கிறது. தர்ஸ்டன் விட்டுப்போன இடத்தை ஒருவர் நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளில் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023இல் விவசாயிகள் நாள் கணக்கில் உட்கார்ந்து போராடியதை நாம் அறிவோம். நிலம் கைமாறினால் பட்டாவில் பெயர் உள்ளவருக்கு இழப்பீடு என்று ஒரு தொகையாவது பேசப்படும். அந்த நிலத்தில் தலைமுறையாகக் கூலி வேலை செய்தவர்களின் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை. அவர்கள் பாடிய நடவுப் பாட்டும் களையெடுப்புப் பாட்டும், ஊர் கலையும்போது கூடவே கலைந்துவிடும். அதே மண்ணில் இன்று செல்போன் உதிரிபாக ஆலை நிற்கிறது. அங்கே வேலைக்குப் போகும் நம் பெண்களின் பாட்டிகளுக்கு அந்தப் பாட்டுகள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

ஆகவே மாணவத் தோழர்களே, இந்த விடுமுறையில் உங்கள் தெருவில் பாடத் தெரிந்த, பறையடிக்கத் தெரிந்த ஐந்து பெரியவர்களிடம் போங்கள். அனுமதி கேளுங்கள். அவர்கள் எப்படி நிற்க விரும்புகிறார்களோ அப்படி ஒரு படம் எடுங்கள். கல்யாணப் புடவை கட்டிக்கொள்ள ஆசைப்பட்டால் கட்டட்டும். கண்ணாடி போட்டுக்கொள்ள ஆசைப்பட்டால் போடட்டும். பிறகு படத்துக்குக் கீழே எழுதுங்கள்: பெயர், ஊர், எந்தப் பாட்டு, யாரிடம் கற்றது, எந்தத் தேதி. அவர்கள் சம்மதித்தால் இணையத்தில் போடுங்கள். சம்மதிக்காவிட்டால் வீட்டில் பத்திரமாக வையுங்கள். உங்கள் அடுத்த ஆல்பத்துக்கு அட்டை தேடி எந்தச் செயலிக்கும் போக வேண்டியிருக்காது.

ஜெய் பீம்.